நாக்கில்லாத பதினோரு மணிகள்

லான்டர்ஸ் ஊரில் கால்நடை டாக்டர் ஹெட்விக்கின் வீட்டுக்கு இரண்டு வாசல். தெருவாசலில் நாயும் பூனையுமாக ஆட்கள் வருவார்கள். பின்வாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதையும் கொண்டுவருவதில்லை. சொல்வதற்கு மட்டும் ஏதாவது வைத்திருப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே பின்வாசலில் நின்றவள் அஃப்ரா. தோளில் பள்ளிக்கூடப் பை. பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஆற்றோரமாக நடந்து வந்திருந்தாள்.

எங்கோ ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஹெட்விக், முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் கோர்பினியனின் மகள் தனியாக வந்து நிற்பதைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"எந்த மாட்டுக்கு என்ன?"

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா" என்றாள் அஃப்ரா. பதினாறு வயதில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் அழக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஹெட்விக் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பாலைச் சூடு பண்ணி, கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பயந்த மிருகத்திடம் அவசரப்படக் கூடாது என்பது அவருக்குப் பழக்கம். அஃப்ரா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை, மாடு இறங்கும் நாள். கோடை முழுக்க மலைமேல் மேய்ச்சலில் இருந்த மாடுகள் பூக்கிரீடம் வைத்து, பெரிய மணி கட்டி, ஊர்த் தெரு வழியாக வீடு திரும்பும். அவர்கள் வீட்டில் பதினோரு பசு. பதினோரு பெரிய மணி. வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வெளியே வரும் அந்த மணிகள் மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள மணியறையில், உத்தரத்தில், அந்தந்த மாட்டின் வரிசைப்படி தொங்கும். அன்று காலை ஐந்து மணிக்கு அவளும் அத்தை கிரெசென்ஸும் அவற்றை டிராக்டரில் ஏற்றப் போனார்கள். தலைமாட்டின் மணியை அத்தை தூக்கினாள். சத்தமே வரவில்லை. ஆட்டிப் பார்த்தாள். அடுத்ததை ஆட்டினாள். அதற்கடுத்தது. பதினொன்றும் ஊமை. மணிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே தொங்கி அடிக்கிற நாக்கைத்தான் காணோம். அஃப்ரா பெரிய மணிக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டியதுதான் மிச்சம், பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அத்தை நெடுநேரம் யோசிக்கவில்லை. வீட்டில் வெளியாள் ஒருவன்தான் இருந்தான். இலியே, ருமேனியாக்காரன். நான்கு கோடையாக அவர்கள் மாடுகளை மேய்ப்பவன். கடைசிப் பாலாடைக்கட்டிகளைச் சுமந்துகொண்டு வியாழக்கிழமை சாயங்காலம்தான் கீழே வந்தான். மாடுகளை ஒரு ராத்திரிக்குப் பக்கத்து மேய்ச்சல்காரன் பார்த்துக்கொள்கிறான். சாப்பாட்டு நேரத்தில், இந்த வருடம் தன் ஊர் ஆட்டுத்தோல் குல்லாவோடு மாடுகளுக்குப் பின்னால் நடக்கலாமா என்று கேட்டான். இது மாடு இறக்கமா, மாறுவேஷப் போட்டியா என்று அத்தை சிரித்தாள். இலியே கரண்டியைக் கீழே வைத்து, "அப்ப உங்க மணிங்க நான் இல்லாமயே நடக்கட்டும்" என்று எழுந்து போனான்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மத்தியானம் ஒரு மணி பஸ்ஸில் அவன் போய்விட வேண்டும், அடுத்த வருடம் கூப்பிடப் போவதில்லை என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"உங்க அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மணி இல்லாமயே எறக்கிக்கலாம்னார். திருட்டு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாம்னார். அவ்வளவுதான்."

ஹெட்விக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஏதோ இருக்கு. அதச் சொல்லத்தான் நீ பின்வாசல்ல வந்த."

அஃப்ரா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "மணியறைச் சாவி எங்க தொங்குதுன்னு நான்தான் அவருக்குக் காட்டினேன், நேத்து. மணிங்கள நிதானமா ஒருதடவ பாக்கணும்னாரு. அடுப்புக்குப் பின்னாடி ஆணில இருக்கு, எடுத்துக்கோங்கன்னேன். அத்தைக்குத் தெரிஞ்சா அவரு கத அங்கயே முடிஞ்சுது. சொல்லலன்னா நான் பொய் சொன்ன மாதிரி. அவரு எடுக்கல டாக்டரம்மா. எப்படித் தெரியும்னு கேட்டா மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது."

அவளால் சொல்ல முடியாதது வேறொன்றும் இருந்தது. கோடை விடுமுறை முழுக்க மலைமேல் அவளும் அவனும்தான். நேற்று என்ன கனவு கண்டாய், அந்த முகட்டுக்குப் பேர் என்ன, ஏன் இன்று பேசவில்லை என்று அவளிடம் கேட்கிற ஒரே மனிதன் அவன். கீழே வீட்டில் அப்பா வானிலையைப் பற்றிப் பேசுவார். அத்தை வேலையைப் பற்றிப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் போய்ச் சேருமுன்பே எல்லோரும் ஜோடி ஜோடியாகச் சிநேகமாகியிருந்தார்கள். அவன் இனி வரமாட்டான் என்றால், அடுத்த கோடை அந்த மலைக் குடிசையில் அவள் யாரோடு பேசுவாள்?

மாடிப்படி தடதடவென்று அதிர்ந்தது. மேலறையில் குடியிருக்கும் யோப் இறங்கி வந்தார். மலையே இல்லாத ஹாலந்தில் முப்பது வருடம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஜூலையில் ஒரு வாரம் தங்குவதாக வந்தார்; செப்டம்பர் பாதி ஆகியும் போகவில்லை. ஊர்க்காரர் மாதிரியே வாழ்ந்து பார்க்க வேண்டுமாம். புல் அறுக்கக் கற்றுக்கொண்டதில் தன் பூட்ஸையே அறுத்துக்கொண்டார். பால் கறக்கப் போய் உதை வாங்கினார். பார்த்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவார். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது, அன்பாகத்தான். ஆனால் ஏறுவதற்கு எந்த பஸ்ஸும் இல்லாத நேரத்தில் அவர் பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததை அஃப்ரா ஒருநாள் பார்த்திருக்கிறாள்.

கதையைக் கேட்டதும் அவர் கண் பளபளத்தது. "பழைய வெண்கலம் டாக்டர். வெளியூர்ல நல்ல கிராக்கி."

"வெண்கலம் மணிதான். நாக்கு வெறும் இரும்பு" என்றார் ஹெட்விக். "வெண்கலத்த விட்டுட்டு இரும்ப எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அப்ப முட்டாள் திருடன்."

"இல்ல, திருடனே இல்ல. வண்டிய எடுங்க யோப். என் கை இன்னும் கன்னு வாசன அடிக்குது, ஸ்டியரிங்க நாறடிக்க வேண்டாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இலியே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மூட்டை. அஃப்ராவைப் பார்த்துப் பள்ளிக்கூடம் இல்லையா என்று மட்டும் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் அவன் பக்கத்தில் உட்காரப் போனாள். ஹெட்விக் அவளை உள்ளே வரச் சொன்னார்.

சமையலறையில் அத்தை கிரெசென்ஸ், மூன்று வாரமாகக் கட்டிய பதினோரு கிரீடங்களுக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்கத் தளிரும் காகிதப்பூவும் சிவப்பு ரிப்பனும். மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது.

"ஏண்டி, வீட்டு விஷயத்த ஊர் டாக்டர்கிட்ட கொண்டுபோயிட்டியா? வேடிக்க பாக்க வெள்ளைக்காரன் வேற."

"நீங்களும் வெள்ளைதானே அம்மா" என்றார் யோப் பணிவாக.

"நான் இந்த ஊரு. நீ டூரிஸ்ட்டு."

மேஜை முனையில் அப்பா கோர்பினியன் வால்நட் தின்றுகொண்டிருந்தார். ஓட்டைக் கடைவாயில் வைத்து ஒரே கடி, படீரென்று உடைந்தது. ஹெட்விக்குக்குத் தலையை மட்டும் அசைத்தார். பல்வலி எப்படி இருக்கிறது என்று யோப் அவரை விசாரித்தார். ஆகஸ்ட் மாதக் கோயில் ஊர்வலத்தில் அவருடைய எக்காளம் இல்லாமல் பேண்டு வாத்தியமே மொட்டையாக இருந்ததாம். பரவாயில்லை என்றார் கோர்பினியன், அடுத்த கொட்டையை எடுத்தபடி.

சுவரில் வருடத்துக்கு ஒன்றாக மாடு இறக்கப் படங்கள் மாட்டியிருந்தன. யோப்புக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாப் படத்திலும் பூ இருக்கிறதே, இந்த ஒன்றில் மட்டும் ஏன் மாடுகள் மொட்டைத் தலையோடு வருகின்றன என்று கேட்டார்.

"அது எங்க அப்பா செத்த வருஷம்" என்றாள் அத்தை. "வீட்ல சாவு விழுந்தா பூ கிடையாது, மணிக்குள்ள வைக்கோல் அடைச்சிருவோம். அன்னிக்கு மணிய அடக்கினது நாங்க, இன்னிக்கு எவனோ திருடியிருக்கான்."

மணியறை ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஹெட்விக் விளக்கைப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றார். யோப் தரையில் குந்தி, தூசியில் காலடி இருக்கிறது, கம்பளிக் காலுறை போட்ட கால் என்று கண்டுபிடித்துச் சொன்னார். இந்த வீட்டில் எல்லோருமே கம்பளிக் காலுறைதான், அவரும் இப்போது அதோடுதான் நிற்கிறார் என்று ஹெட்விக் நினைவுபடுத்தினார்.

பிறகு தலைமாட்டின் மணியைச் சாய்த்து டார்ச் அடித்தார். நாக்கு தொங்கும் தோல்வார் அறுக்கப்படவில்லை. கொக்கியைக் கழற்றி, நாக்கை எடுத்து, வாரைத் திரும்ப மாட்டியிருந்தது. பதினொன்றிலும் அப்படியே. டார்ச் வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது: கொக்கியிலிருந்து மணியின் விளிம்பு வரை ஒரு சிலந்திவலை. ஒரு பக்கம் காலையில் அஃப்ராவின் விரல் பட்டுக் கிழிந்திருந்தது. மீதி வலையில் உறிஞ்சிச் சக்கையாக்கிப்போட்ட ஈக்கள், ஒன்று இரண்டல்ல, ஏழு.

"மணியக் கடைசியா யார் தொட்டது?"

அத்தைதான். இரண்டு வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை, பதினொன்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அன்று எல்லாம் கணீரென்று அடித்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் அஃப்ரா பள்ளிக்கூடத்துக்காக மேலிருந்து இறங்கி வந்தாள். அதற்குப்பிறகு யாரும் அறையைத் திறக்கவில்லை என்று அத்தை சொன்னாள்.

முற்றத்துக்கு வந்ததும் ஹெட்விக் யோப்பின் நோட்டைக் கேட்டார். கோர்பினியனைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் படிக்கச் சொன்னார். யோப் வெட்கப்பட்டுக்கொண்டே பக்கம் புரட்டினார். அஃப்ரா வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தன் அப்பாவை ஓர் அந்நியர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதே அவளுக்கு விநோதமாக இருந்தது.

ஜூலை இருபத்தாறு, ஞாயிறு. காலை ஆறு மணி பஸ். கோர்பினியன் இன்ஸ்ப்ரூக் ஸ்டேஷனுக்குப் போகிறார். கறுப்புக் கோட்டு, இந்த வெயிலில். புல் வெட்டும் மெஷின் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆகஸ்ட் இரண்டு, சர்ச்சில் பூசை. எல்லோரும் தொப்பியில் அலங்காரமாக வைக்கும் இறகு அவர் தொப்பியில் இல்லை. கேட்டதற்குப் பூச்சி அரித்துவிட்டது என்றார். ஆகஸ்ட் பதினைந்து, ஊர்வலம். எக்காளம் ஊத வரவில்லை. பல்வலி.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கட யோப் தெறந்திருக்கும்?" என்றார் ஹெட்விக்.

யோப் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

ஹெட்விக் அஃப்ராவின் பக்கம் திரும்பினார். ஜூலைக் கடைசியில் அப்பா மேலே வந்தாரா என்று கேட்டார். வாராவாரம் ரொட்டியும் உப்பும் கொண்டுவருவார், எப்போதும் உடனே திரும்பிவிடுவார் என்றாள் அஃப்ரா. ஒரே ஒரு தடவை மட்டும் இருட்டும்வரை இருந்தார். கேட்காமலேயே விறகு பிளந்தார், அடுத்த வருடத்துக்கும் சேர்த்து. போகும்போது அவள் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. "ஏதோ சொல்ல வந்தார்னு நெனச்சேன். மழ வரும்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

ஹெட்விக் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அஃப்ராவைப் பயமுறுத்தியது. இலியேவை விடுவிக்க வழி கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்றார் ஹெட்விக், சந்தோஷமே இல்லாமல். பிறகு தொழுவத்துக்குப் போய்க் கோர்பினியனைக் கூப்பிட்டார்.

திறந்த கதவு வழியாக அஃப்ராவுக்கு அவர்கள் தெரிந்தார்கள், பேச்சு கேட்கவில்லை. டாக்டர் பேசியது இரண்டு மூன்று வாக்கியம்தான் இருக்கும். அப்பா தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

பதினொன்றரை மணிக்கு எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள். இலியே கதவோரம் நின்றான்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஹெட்விக் மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஒரு மாட்டின் நோயை விவரிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"முதல்ல இலியே. அவர் வந்தது நேத்து சாயங்காலம். மணிக்குள்ள இருக்கற வலை, நாக்கு தொங்க வேண்டிய எடத்துல குறுக்க கட்டியிருக்கு. நாக்கு இருந்திருந்தா அது அங்க வந்திருக்க முடியாது. ஒரே ராத்திரில சிலந்தி வல கட்டிரும், சரி. ஆனா ஜன்னலே இல்லாத அறைல, ஒரே ராத்திரில ஏழு ஈய உறிஞ்சி முடிக்காது. நாக்கு போய்ப் பல நாள் ஆச்சு. கிரெசென்ஸ் தேச்ச சனிக்கெழமைக்கு அப்புறம், ஆனா நேத்திக்குப் பல நாள் முன்னாடி. அப்ப இவர் மலைமேல இருந்தார்."

அஃப்ராவுக்கு மூச்சு வந்தது. சாவி விஷயத்தை அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். அத்தை அவளை முறைத்தாள். முறைத்த பிறகு இலியேவைப் பார்க்க முடியாமல் கிரீடங்களைப் பார்த்தாள்.

"அப்ப யாரு?" என்றாள்.

"காலைலேருந்து எல்லாரும் அதத்தான் கேக்கறீங்க" என்றார் ஹெட்விக். "எனக்கு அது பெருசா படல. எதுக்குன்னுதான் யோசிச்சேன். இரும்புத் துண்டால யாருக்கும் லாபம் இல்ல. உங்க விழாவக் கெடுக்கணும்னா மணிய ஆத்துல போட்டிருக்கலாம், தோல்வார அறுத்திருக்கலாம். எடுத்தவர் கொக்கிய ஒவ்வொண்ணா கழட்டி, வாரத் திரும்ப மாட்டி, மணிய அதுஅது எடத்துல தொங்கவிட்டிருக்கார். பொருள் மேல அக்கற இருக்கு. அவருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு இந்த வீட்டு மணி சத்தம் போடக் கூடாது."

யோப் நோட்டை மூடிவிட்டார்.

"தேச்சது நீங்க, பூ கட்டினது நீங்க. அதனால நீங்க இல்ல கிரெசென்ஸ். அஃப்ரா என்கிட்ட வந்தா, அவளும் இல்ல. மிச்சம் ஒருத்தர். பல்வலின்னு எக்காளம் ஊதாதவர், ஆனா வால்நட்ட பல்லாலயே ஒடைக்கறார். என் தொழில்ல பல்லப் பாக்காம இருக்க முடியாது. தொப்பில இறகு வைக்கல. கோடைல கறுப்புக் கோட்டு போட்டு ரயிலேறினார். இறகு இல்ல, வாத்தியம் இல்ல, இப்ப மணியும் இல்ல. இது துக்கம் காக்கற வீடு. என்னன்னா, ஒரே ஒருத்தர் மட்டும் துக்கம் காக்கறார். மத்தவங்களுக்கு சாவு நடந்ததே தெரியாது." அவர் நிறுத்தினார். "இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் இருக்கார்."

அஃப்ரா அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கணம் வரை அவளுக்கு உறைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே என்று அவள் மனம் ஆள் எண்ணிக்கொண்டிருந்தது. அப்பா, அத்தை, தான். எண்ணி முடித்த பிறகுதான், பத்து வருடமாக அந்த வீட்டில் யாரும் எண்ணாத ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள்.

"அம்மாவா?" என்றாள்.

கோர்பினியன் தலையாட்டினார். அஃப்ராவுக்கு ஆறு வயதானபோது வீட்டை விட்டு லின்ஸ் நகரத்துக்குப் போய்விட்ட யூடித். அவள் பெயரை இந்தச் சமையலறையில் சொல்வதில்லை என்று யாரும் தீர்மானம் போடவில்லை, சொல்லாமலே பழகிவிட்டது. விவாகரத்து என்று ஒன்று நடக்கவே இல்லை. சர்ச்சுப் பதிவேட்டில் அவள் இன்னும் இந்த வீட்டு எஜமானிதான்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஜூலையில் யூடித்தின் அக்காவிடமிருந்து தந்தி மாதிரி ஒரு கடிதம் வந்ததாம். அடக்கத்துக்கு அவர் மட்டும் போனாராம். அஃப்ராவிடம் சொல்லத்தான் மலைக்கு ஏறினாராம்.

"நீ இறங்கி வந்த ஞாயித்துக்கெழம ராத்திரியும் சொல்லப் பாத்தேன். முடியல. மணியறைக்குப் போனேன். அவ செத்த வருஷத்துல இதுங்க கத்திக்கிட்டு தெருவுல போறத என்னால கேக்க முடியாது. சத்தம் வரலன்னா யாராவது ஏன்னு கேப்பாங்க, கேட்டா சொல்லிரலாம்னு நெனச்சேன். யாரும் ஏன்னு கேக்கல. எல்லாரும் யாருன்னுதான் கேட்டாங்க."

"இவர அனுப்பும்போது சும்மா இருந்தீங்களே" என்றாள் அஃப்ரா.

"பஸ்ஸுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்."

"பஸ்ஸுக்கு இன்னும் ஒண்ணர மணி நேரம்தான் பாக்கி கோர்பினியன்" என்றார் ஹெட்விக், கோபமில்லாமல்.

அஃப்ரா இன்னும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ மிச்சமிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் டாக்டர் தன்னிடம் பார்த்ததையே இப்போது அவள் அவரிடம் பார்த்தாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

அவர் மேஜையில் கிடந்த வால்நட் ஓடுகளை ஒன்றாகக் கூட்டினார்.

"மே மாசமே ஒரு கடிதம் வந்துச்சு. ஒடம்பு முடியல, பொண்ண ஒருதடவ அனுப்புன்னு எழுதியிருந்தா. மாட்ட மலைக்கு ஏத்தற நேரம். ஏத்திட்டு அனுப்பலாம்னு நெனச்சேன். அப்புறம் புல்லறுப்பு. எறக்கிட்டு அனுப்பலாம்னு. அவ அவ்வளவு நாள் இருக்க மாட்டான்னு எனக்கு..." அவர் முடிக்கவில்லை.

அத்தை முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு யூடித்தைப் பிடித்ததே இல்லை, ஊருக்கே தெரியும். பிறகு இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் கிரீடத்தைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு ரிப்பன்களை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். மூன்று வார வேலை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அஃப்ரா அழவில்லை. காலையிலேயே அழுது தீர்ந்துவிட்டதோ என்னவோ. எழுந்து போய் இலியேவின் மூட்டையை வாசல் பெஞ்சிலிருந்து தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அத்தை, கத்தரிக்கோலை நிறுத்தாமலே, அந்தக் குல்லாவை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மந்தைக்குப் பின்னால் நடக்கும்போது, துக்கமானாலும் சரி, தங்கள் ஊரில் அந்தக் குல்லாதான் என்றான் இலியே. அன்று மத்தியானமே அவனும் அவளும் மலையேறினார்கள். அப்பா டிராக்டரில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்; மணிகள் மட்டும் அதில் வந்தால் போதும்.

சனிக்கிழமை லான்டர்ஸ் தெரு இரண்டு பக்கமும் நெரிந்தது. வெளியூர்க்காரர்கள் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதல் மூன்று பண்ணைகளின் மாடுகள் கிரீடமும் மணியுமாக, காது அடைக்கிற சத்தத்தோடு போய்விட்டன. பிறகு வளைவில் கோர்பினியன் வீட்டு மாடுகள் வந்தன. நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் பெரிய மணிகள் சும்மா ஆடின. குளம்புச் சத்தம் மட்டும் கல்தெருவில் கேட்டது. முன்னால் அஃப்ரா, குச்சியோடு. கடைசியில் ஆட்டுத்தோல் குல்லாவில் இலியே. அவனுக்கும் பின்னால், தனியாக, அவள் அப்பா.

வெளியூர்க்காரர்கள் புரியாமல் கேமராவை இறக்கினார்கள். ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது. தெருவோரமாக ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். இறந்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது, இருந்தாலும் கழற்றினார்கள். ரொட்டிக்கடை வாசலில் யோப் தலையில் எதுவுமில்லாமல் நின்றார், கையில் நோட்டு இல்லை. பக்கத்தில் ஹெட்விக்.

ஒருநாளும் நின்று பேசாத ரொட்டிக்கடைக்காரி தெருவில் இறங்கி அஃப்ராவோடு நாலு எட்டு நடந்தாள்.

"யாரும்மா கண்ணு? உங்க வீட்ல யாரு?"

நேற்று சமையலறையில் ஒரு தடவை தவிர, அந்த வார்த்தையை அவள் பத்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. எப்படி வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க அம்மா" என்றாள். கடைக்காரிக்குச் சரியாகக் கேட்கவில்லை. அஃப்ரா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள்.